வீட்டுக்குத் தெரியுமா?

எங்கட வீட்டில் காலையில் பேப்பர் வந்ததும் அம்மம்மா முதலில் விரிப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். ஜனாதிபதி என்ன சொன்னார், தேர்தல் எப்ப எண்டதெல்லாம் அவவுக்குப் பிறகுதான். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் அந்த வசனத்தைச் சத்தமாக வாசிப்பா. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, சுவிஸ், லண்டன் என்று இருக்கும். கடைசியில் "தகவல்: குடும்பத்தினர்".

அந்தக் கடைசி வரியை நான் பெரிதாக யோசித்ததில்லை. ஒரு பத்திரிகையில் ஒரு மாதம் பயிற்சிக்குப் போன பிறகுதான் யோசித்தேன். எந்தப் பத்திரிகை என்று இங்கே எழுதப் போவதில்லை. நடந்த பிழையில் என் கையும் இருக்கிறது.

என்னை விட்டது இணையப் பிரிவில். ஒரே மண்டபம்தான், ஆனால் இரண்டு நேரக் கணக்கு. அந்தப் பக்கம் அச்சுப் பிரிவு. பின்னேரம் நிருபர்கள் செய்தி அனுப்புவார்கள், உதவி ஆசிரியர் திருத்துவார், ஒப்பு நோக்குபவர் பார்ப்பார், இரவு பக்கம் முடியும். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். செய்தி வந்தால் ஐந்து நிமிடத்தில் இணையத்தில் ஏற வேண்டும், அடுத்த நிமிடம் பேஸ்புக்கில். வேறு பக்கங்கள் முதலில் போட்டுவிட்டால் பார்வைகள் அவர்களுக்குப் போய்விடும்.

எது ஓடும் என்பது இரண்டு நாளிலேயே விளங்கிவிட்டது. பிரதேச சபைக் கூட்டத்துக்கு முப்பது விருப்பம், விபத்துக்கு மூவாயிரம். 2018 ஜனவரியில் பேஸ்புக் தன்னுடைய ஓட்டத்தை மாற்றியது. ஆட்கள் கொமென்ட் அடித்து, பகிர்ந்து கதைக்கும் பதிவுகளை மேலே கொண்டுவரப் போவதாக அறிவித்தது. எங்கட ஊரில் ஒரு சாவுச் செய்திக்குக் கீழே நூறு பேர் "ஆழ்ந்த இரங்கல்" எழுதுவார்கள். இயந்திரத்துக்கு அது துக்கம் என்று தெரியாது. நிறையப் பேர் கதைக்கினம் எண்டு மட்டும்தான் தெரியும். அதனால் இன்னும் பல பேருக்குக் காட்டும்.

மூன்றாவது கிழமை, பின்னேரம் ஐந்தே முக்கால் இருக்கும். தென்மராட்சிப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து, ஒருவர் பலி. நிருபர் வட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினார். உடல் தெரிந்த படத்தை விட்டுவிட்டு, நொருங்கின சைக்கிளின் படத்தை எடுத்தேன். பண்பான தெரிவு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பெயரும் போடவில்லை. "இளைஞர் ஸ்தலத்திலேயே பலி" என்று தலைப்பு வைத்து ஏற்றினேன். அரை மணித்தியாலத்தில் எண்ணூறு பகிர்வு. பக்கத்தில் இருந்த அண்ணா தோளில் தட்டினார்.

படத்தில் இலக்கத்தகடு தெளிவாக இருந்தது. நான் கவனிக்கவில்லை.

அன்று இரவு பக்கத்தின் உள்பெட்டிக்கு ஒரு தகவல் வந்தது. ரொறன்ரோவிலிருந்து, இறந்தவருடைய அண்ணன். வேலைக்குப் போகிற வழியில் ஊர் வட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைக் கண்டிருக்கிறார். சைக்கிள் வாங்கக் காசு அனுப்பினது அவர்தான், இலக்கம் அவருக்குத் தெரியும். உடனே தாயாருக்கு அழைத்திருக்கிறார். அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டு நின்றாவாம். பொலிஸும் போகவில்லை, அயலட்டையும் சொல்லவில்லை. "அம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டி வந்திட்டுது. இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்க ஏலாதா தம்பி?" இவ்வளவுதான் எழுதியிருந்தார். தூசணம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாங்கள் செய்தது படத்தை மாற்றியதுதான். இலக்கத்தகடு இல்லாத வேறு படம். திருத்தம் என்று ஒரு வரிகூடப் போடவில்லை. "மாத்தியாச்சு, விடு" என்றார்கள். ஆனால் அது மாறவேயில்லை. கனடாவில் 2023 ஓகஸ்டிலிருந்து மெட்டா நிறுவனம் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி நிறுவனங்களின் பதிவுகளைக் காட்டுவதில்லை. செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்கச் சொல்லி அங்கே வந்த சட்டத்துக்கு அவர்களுடைய பதில் அது. வெளிநாட்டுப் பத்திரிகைகளின் பக்கங்களும் அதற்குள் அடக்கம். ஆகவே எங்கட செய்தி அங்கே போவது ஸ்கிரீன்ஷொட்டாக. பக்கத்தில் நாங்கள் எதை மாற்றினாலும் ஸ்கிரீன்ஷொட் மாறாது. பிழை கடல் தாண்டிப் போய்விட்டது, திருத்தம் இங்கேயே நின்றுவிட்டது.

அதே இரவு அச்சுப் பிரிவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே செய்தி, அதே நிருபர். உதவி ஆசிரியர், வயது அறுபதுக்குக் கிட்ட இருக்கும், நிருபருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுக்குத் தெரியுமா?" அடையாளம் காட்டியாச்சு என்று உறுதியான பிறகுதான் பெயரை எழுதினார். உள்பக்கத்தில் எட்டு வரி, படம் இல்லை.

அவர் என்னைவிட நல்ல மனிசன் என்று இதற்கு அர்த்தம் சொல்ல நான் வரவில்லை. அவருக்கு ஆறு மணித்தியாலம் இருந்தது, எனக்கு ஐந்து நிமிடம். அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கும் வரைக்கும் இருந்த அந்தத் தாமதத்துக்குள்தான் பொலிஸ் வீட்டுக்குப் போனது, சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். யாரும் திட்டம் போட்டு அந்தத் தாமதத்தை உண்டாக்கவில்லை. இணையத்துக்கு மாறும்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டோம். அது செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இங்கத்தைய பத்திரிகைகளுக்குத் துணிவு பற்றாது என்று யாரும் சொல்ல ஏலாது. 1981இல் நூலகம் எரிந்த நாட்களிலேயே 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2000 ஒக்டோபரில் மயில்வாகனம் நிமலராஜன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி, பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள், 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் பணியாளர்கள் இருவர் இறந்தார்கள். 2013 ஏப்ரலில் அதே பத்திரிகையின் அச்சு இயந்திரத்தைக் கொளுத்தினார்கள். இணையமும் எங்களுக்கு எதிரி இல்லை. 1997இல் தொடங்கின 'தமிழ்நெற்' தளம், பாதை மூடிக் கிடந்த காலத்திலும் இங்கத்தைய செய்தியை வெளியே கொண்டுபோனது. 2007இல் இலங்கைக்குள் அதைத் தடை செய்ததே அது வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. துவக்குக்கு முன்னால் நின்ற ஒரு தொழில், பார்வை எண்ணிக்கைக்கு முன்னால் இப்படி வளைவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காசுப் பிரச்சினை பொய் இல்லை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பு நின்றது. கொழும்பில் அப்படியென்றால் இங்கே எப்படி என்று யோசியுங்கள். இணையம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. என்னுடைய வகுப்பில் காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிற ஒருவரையும் எனக்குத் தெரியாது.

ஆனால் வாசகரோடு உறவு என்றால் கொமென்ட் எண்ணிக்கை மட்டும்தானா? 'கார்டியன்' 1997இலும், சென்னையின் 'தி இந்து' 2006இலும் வாசகர் ஆசிரியர் என்று ஒருவரை நியமித்தன. வாசகர் முறைப்பாடு செய்தால் அவர் விசாரிப்பார், பிழை என்றால் பத்திரிகை அதை அச்சில் ஒத்துக்கொள்ளும். எங்கட பத்திரிகைகளுக்கு அப்படி ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் மாற்றிய செய்திக்குக் கீழே "இந்த நேரத்தில் இந்தக் காரணத்துக்காகப் படம் நீக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதக் காசு தேவையில்லை. அந்த அண்ணனுக்கு அந்த ஒரு வரியாவது கிடைத்திருக்க வேண்டும்.

நான் அவருக்குப் பதில் எழுதினேன். பக்கத்தின் பெயரில் எழுத விடமாட்டார்கள் என்பதால் என்னுடைய சொந்தக் கணக்கிலிருந்து. "படத்தைப் போட்டது நான்தான் அண்ணா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

மூன்று நாள் கழித்து அம்மம்மா வழக்கம்போலப் பேப்பரை விரித்து வாசித்தா. அவருடைய பெயர் அடைப்புக்குறிக்குள் கனடாவோடு வந்தது. "பாவம், சின்னப் பெடியன்" என்றா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பயிற்சியின் கடைசிக் கிழமை இன்னொரு விபத்துச் செய்தி வந்தது. நான் நிருபருக்கு எடுத்து, வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் விசாரித்துச் சொல்ல ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் நான்கு பக்கங்கள் போட்டுவிட்டன. எங்கட பதிவுக்கு வந்தது அறுபது விருப்பம். பக்கத்தில் இருந்த அண்ணா எண்ணிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த கிழமை அந்தக் கதிரையில் வேறு ஒருவர் இருந்திருப்பார். அவருக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா தெரியாது.