குடை விரித்த களவு

களவுப் படம் ஒன்றை நாம் நெடுங்காலம் தேடினோம். களவாகப் பிரதி செய்த படமென்று எண்ணிவிடாதீர்கள். களவைப் பற்றிய படம்.

உடப்பில் எமது சிறு பிராயத்தில் கண்டது அது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியதெனினும், எமது தெருவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. கறுப்பு வெள்ளைப் பெட்டி. மோட்டார் வண்டியின் பெற்றரியில் ஓடுவது. ஓரிரவு அயல்வீட்டு முற்றத்து மணலில், தந்தையாரின் மடியில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்தோம். சிலர் ஒரு மாடி வீட்டின் தரையைத் துளைக்கின்றனர். கீழே நகைக்கடை. துளையினூடே மடக்கிய குடையொன்றை இறக்கி, அங்கே விரிக்கின்றனர். உதிரும் காரையெல்லாம் அக்குடைக்குள் ஓசையின்றி விழுகிறது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசினாரில்லை.

தந்தையார் கரைவலைத் தொழிலாளர்; அம்பாப் பாடாமல் வலை இழுத்தறியாதவர். "நாலு பேர் இவ்வளவு நேரம் வாய் திறக்காம ஒரு வேலை செய்யிறாங்களே தம்பி! இவங்க தொழில்காரங்க" என்று வியந்தார்.

நகை கைக்கு வந்தது. சற்று நேரத்தில் பெற்றரி இறங்கிவிட்டது.

"தப்பியிருப்பாங்க" என்றார் தந்தையார், வீடு திரும்பும் வழியில். பின்னர் அக்கதை எழும்போதெல்லாம் அவர்களைப் புதியதொரு வழியாகத் தப்புவிப்பார். ஒருமுறை தோணியிலேற்றிக் கற்பிட்டியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்!

படத்தின் பெயரோ மொழியோ எமக்குத் தெரியாது. ஆசிரியத் தொழிலுக்கு வந்தபின் கண்டவரையெல்லாம் கேட்டோம். மேலிருந்து இறங்கித் திருடும் கதை என்றதும், மாணவர் ஒருவர் 1964இல் வெளிவந்த 'டொப்கப்பி' என்றார். இஸ்தான்புல் அரண்மனையில் மரகதம் பதித்த குத்துவாளைத் திருடும் கதை. தரையில் கால் பட்டால் எச்சரிக்கை மணி ஒலிக்கும். ஆதலின் கயிற்றில் தொங்குகிறார்கள். நல்ல படந்தான், ஆனால் குடையைக் காணோம். வண்ணப்படம் என்று தள்ளிவிடவும் இயலவில்லை. எமது பெட்டியில் எல்லாமே கறுப்பு வெள்ளை அன்றோ!

அப்படத்தின் இயக்குநர் ஜூல்ஸ் டாசின். பொதுவுடைமைச் சார்பினர் என்று ஹொலிவுட் கதவடைத்தபின் ஐரோப்பா சென்ற அமெரிக்கர். அவருடைய முந்திய படங்களைத் துருவியபோது குடை அகப்பட்டது. 1955இல் பிரான்சில் அவர் எடுத்த 'ரிஃபிஃபி' அது. இரும்புப் பெட்டி திறப்பவனாக அவரே நடித்திருக்கிறார். அக்களவுக் காட்சி ஏறத்தாழ அரைமணி நேரம். பேச்சுமில்லை, பின்னணி இசையுமில்லை. கான் திரைப்பட விழாவில் அவ்வாண்டின் சிறந்த இயக்குநர் பரிசு அவருக்கும் இன்னொருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

தனியே அமர்ந்து முடிவு வரை பார்த்தோம். ஒருவனும் தப்பவில்லை. நால்வரும் மடிகின்றனர். கடைசியில் எஞ்சும் தலைவன், குண்டடிபட்ட உடம்போடு, கூட்டாளியின் சிறு மகனை மோட்டார் வண்டியில் ஏற்றிப் பாரிஸ் தெருக்களூடே விரைகிறான். நிலைமை அறியாத சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியோடு துள்ளுகிறான். பிள்ளை தாயிடம் சேர்கிறது. ஓட்டி வந்தவன் உயிர் பிரிந்துவிடுகிறது.

தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகளாயின. இருந்திருந்தால் அவரிடம் இதைச் சொல்லியிருப்போமோ, அறியோம். மனம் கேளாமல் தாயாரிடம் சொன்னோம். நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதை ஏன் தம்பி தேடிப் பாத்த? அப்பாதான் அவங்களைக் கற்பிட்டியில இறக்கிவிட்டுட்டாரே" என்றார்.