நாற்பது பாட்டில்

வெந்நீரில் கரைத்த சலவைச் சோடா ரப்பர் வளையத்தில் பட்டதும் ஒரு வாசனை எழும், பாதி சைக்கிள் டியூப், பாதி வண்ணான்துறை, மூக்கில் ஏறும்போது லேசாகக் கரிக்கும், அது என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்தேதான் கம்பி மூடி பாட்டில்களின் வளையங்களைக் கழற்றிக் கிண்ணத்தில் ஊறப்போடுகிறேன். பக்கத்தில் நானே செய்த பாட்டில் கழுவும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. போர்வை அடுக்கி வைக்கிற பிளாஸ்டிக் பெட்டிதான், மூடியில் நீளத்துக்கு நான்கும் அகலத்துக்கு மூன்றுமாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் நிமிர்ந்து நிற்கும், பாட்டிலைத் தலைகீழாக அதில் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டால் உள்ளே மூழ்கிக் கிடக்கும் பம்பு தண்ணீரை மேலே தள்ளும், அது பாட்டிலின் அடியில் மோதிச் சுவரெல்லாம் வழிந்து மறுபடி பெட்டிக்குள்ளேயே விழும், மழைக்காலத்து ஓட்டுவீடு போல ஒரே சத்தமாக இருக்கும்.

நான் இருப்பது இங்கிலாந்தின் பர்ட்டனில், டிரென்ட் ஆற்றங்கரையில், ஜிப்சம் ஊறிய கிணற்றுத் தண்ணீருக்காகவே பீர் ஆலைகள் வந்து சேர்ந்த ஊர், 1820களிலேயே இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் பீப்பாய் பீப்பாயாகப் பேல் ஏல் போயிருக்கிறது, ஆலைகளில் மிஞ்சுகிற ஈஸ்ட்டைக் கொண்டு 1902 முதல் மார்மைட் என்கிற பசை செய்கிறார்கள், காற்று திரும்புகிற நாளில் தெருவெல்லாம் வெந்த மால்ட்டும் மார்மைட்டும் மணக்கும். அடுத்த வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டியவர், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம் என்று 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் சொன்னதிலிருந்து விடாமல் காய்ச்சுகிறவர். 23 லிட்டர் ஒரு ஈடு, பைன்ட் பாட்டிலில் அடைத்தால் நாற்பது வரும். காய்ச்சுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும், கழுவுவதற்குத்தான் ஆயுசு வேண்டும் என்பார், என் பெட்டியை ஒருதரம் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் நீளக் கைப்பிரஷ்ஷோடு தோட்டத்துக் குழாயடிக்குப் போய்விட்டார்.

குழாயடி என்றால் எனக்குப் பாளையங்கோட்டை வீட்டு முற்றம்தான். டிசம்பர் பிறந்ததும் ஆச்சி பரணிலிருந்து ஸ்குவாஷ் பாட்டில்களையும் தாத்தாவின் பழைய டானிக் பாட்டில்களையும் இறக்கச் சொல்லுவாள், உள்ளே பீங்கான் ஜாடியில் கறுப்பு பன்னீர் திராட்சை சர்க்கரையோடும் கிராம்போடும் ஒரு பிடி கோதுமையோடும் வேடு கட்டி நுரைத்துக்கொண்டிருக்கும், கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சின்ன டம்ளர், தெருமுனையில் இருந்த ஏட்டையா வீட்டுக்கு மட்டும் ஒரு முழு பாட்டில். பாட்டிலுக்குள் நொய்யரிசியும் அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் வெந்நீரும் விட்டு, வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வளையல் சத்தம் கேட்கக் கேட்கக் குலுக்குவாள், பிரஷ் எட்டாத மூலையெல்லாம் நொய் போய்ச் சுரண்டிவிட்டு வரும். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள், பார்த்தது போதாதென்று வாயில் மூக்கை வைத்து முகருவாள், டானிக் வாசனை துளி மிச்சமிருந்தாலும் அது மண்ணெண்ணெய் பாட்டிலாகத் தகுதி இறங்கிவிடும். "எலே, தண்ணி விட்டா ஆச்சா, தூக்கிப் பாருல" என்று என்னையும் விரட்டுவாள். கண்புரை வந்த பிறகும் தூக்கித்தான் பார்த்தாள், என்ன தெரிந்ததோ, முகர்ந்துதான் தீர்ப்புச் சொல்லியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த முற்றத்துச் சுவருக்கு அப்பால் அண்ணாச்சியின் சோடா கம்பெனி. கம்பெனி என்பது தகரக்கூரை போட்ட ஒரு நீள அறை, கூரையில் விழுந்த ஓட்டைகள் வழியாகக் காசு காசாக வெயில் இறங்கும், ஈரத் தரையில் அந்த வட்டங்கள் நகர்வதைப் பார்த்தே அண்ணாச்சி மணி சொல்லுவார், கையில் கடிகாரம் கட்டியிருந்தாலும் அதைப் பார்க்க மாட்டார். சிமெண்டுத் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், அதில் பாசிப்பச்சைக் கோலி சோடா பாட்டில்கள் ஊறிக் கிடக்கும். கோலி பாட்டிலைக் கழுவுவது தனி வித்தை, கழுத்து இடுங்கியிருக்கும், உள்ளே கோலி உருளும், பிரஷ் நுழையாது, ஆகவே கொஞ்சம் ஆற்றுமணலைப் போட்டு இரண்டு கையிலும் இரண்டிரண்டாகப் பிடித்துக் குலுக்குவார்கள், அந்தக் கலகலப்பு எங்கள் வீட்டுக்குள் சாயங்காலம் வரை கேட்கும். கழுவிய பாட்டிலை இயந்திரத்தில் மாட்டித் தலைகீழாகச் சுற்றும்போது கோலி வாய்க்கு இறங்கும், உள்ளே ஏறுகிற காஸ் அதை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், வேறு மூடியே வேண்டாம். தேய்ந்த வளையங்களை மாற்றுவது அண்ணாச்சியின் தனி உரிமை, ஒரு கொக்கியால் பழையதை நெம்பி எடுத்து, புதியதைச் சலவைச் சோடாத் தண்ணீரில் முக்கி உள்ளே திணிப்பார், அந்த விரல்களில்தான் நான் முதலில் சொன்ன வாசனை இருந்தது, சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போட்ட பிறகும் இருந்தது.

அந்தப் பாட்டிலே இங்கிருந்து போனதுதான். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய கோலி பாட்டில், இங்கே பழம்பொருள் கடைகளில் ஜன்னல் அலங்காரமாக நிற்கிறது. நம் ஆட்கள் நடத்துகிற கடைகளில் இப்போது புது கோலி சோடா வந்திருக்கிறது, கோலியை அமுக்க ஒரு பிளாஸ்டிக் குமிழ், பளபளப்பான ஒட்டுத்தாள், வாங்கிக் குடித்தேன், இனிப்பு கூடுதல், காஸ் குறைவு, குடித்து முடித்ததும் பாட்டில் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. நூறு தரம் கழுவி நூறு தரம் நிரப்பவென்று உண்டான பாட்டில் அது.

பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அதில் போடுகிற சோடியம் பெர்கார்பனேட் தண்ணீரில் கரைந்தால் அண்ணாச்சியின் சலவைச் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடுமாகப் பிரிகிறது, காய்ந்த ஈஸ்ட் வளையத்தை அது ஊறவைத்துக் கழற்றிவிடுகிறது, பன்னிரண்டு பாட்டில் கழுவி முடிவதற்குள் நான் ஒரு டீ குடித்துவிடலாம். அந்த டீயைத் தனியாகக் குடிக்க வேண்டியிருப்பதுதான் குறை, முற்றத்தில் பாட்டில் கழுவியபோது ஊர்ச்சேதி எல்லாம் கழுவப்பட்டது, இங்கே பம்பு மட்டும் பேசுகிறது. இப்போதெல்லாம் நின்றதும் பாட்டில்களை அப்படியே அடுக்கிவிடுவதில்லை, ஒவ்வொன்றாக உருவி விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறேன், முகர்ந்தும் பார்க்கிறேன், கறை போகாததை அடுத்த வீட்டுக் குழாயடிக்கு எடுத்துப் போகிறேன், கிழவர் பிரஷ்ஷை நீட்டுகிறார், ஆலையில் பீப்பாய்க்குள் மெழுகுவத்தியை இறக்கிப் பார்த்த காலத்தைச் சொல்லுகிறார்.

இந்தப் பெட்டியைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு இரண்டொரு சேதி. குழாய் முனைத் துளைகளின் பரப்பையெல்லாம் கூட்டினாலும் பம்பிலிருந்து வரும் குழாயின் வாய்ப் பரப்பைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கடைசி வரிசைக்குத் தண்ணீர் ஏறாது, மூடிக்கு அடியில் தண்ணீரைப் பகிர்ந்து தரும் குழாய்களின் இரு முனைகளையும் வளையமாக இணைத்துவிட்டால் இன்னும் சீராக ஏறும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விடாதீர்கள், குளத்தில் போடுகிற மலிவான பம்புகள் பல 35 டிகிரிக்கு மேல் தாங்காது, சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். குளோரின் பிளீச்சைத் தொடவே வேண்டாம், மிச்சம் நின்றால் பீர் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். இதற்கெல்லாம் முன்னால், குடித்த கையோடு பாட்டிலை மூன்று தரம் வெந்நீர் விட்டு அலசிக் கவிழ்த்துவிடுங்கள், வண்டல் காயவிடாத பாட்டிலுக்கு அடைப்பதற்கு முன் கிருமிநாசினியில் ஒரு முக்கு போதும், இந்தப் பெட்டியே தேவையில்லை.