கதவைத் தட்டியவர்களின் கணக்கு

முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் குடவாசல். துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்ததில்லை. பட்டாளத்துக்காரர்களை எண்ணியிருக்கிறேன், அவ்வளவுதான். காலாண்டு முடிந்தால் மேலே ஒரு படிவம் போக வேண்டும். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் எத்தனை பேர், விதவையர் எத்தனை பேர், இரண்டாம் உலகப் போரில் இருந்தவர் இன்னும் எத்தனை பேர். எந்தக் கட்டமும் காலியாகப் போகக் கூடாது. அந்தக் கட்டத்துக்குள் ஓர் எண் எப்படி வந்து உட்காருகிறது என்பது எனக்குத் தெரியும்.

பட்டாளத்திலிருந்து ஊர் திரும்புகிறவர் எங்கள் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அடையாள அட்டை வேண்டும், பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை வேண்டும், மறுபடி ஒரு வேலை வேண்டும் என்றால் படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். எதுவும் வேண்டாதவர் வரமாட்டார். நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் படையிலிருந்து வெளியே வருகிறார்கள். பெரும்பாலோர் 35 வயதிலிருந்து 45 வயதுக்குள் இருப்பவர்கள். சென்னையில் செக்யூரிட்டி வேலைக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விட்ட குடவாசல்காரர் எங்கள் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஆக, எங்களிடம் இருப்பது கதவைத் தட்டியவர்களின் கணக்கு. ஊரில் உள்ளவர்களின் கணக்கு வேறு.

கூட்டல் இப்படி என்றால் கழித்தல் இன்னும் மோசம். ஒருவர் இறந்தால் மனைவி வந்து சொல்வார். குடும்ப ஓய்வூதியம் மாற்ற வேண்டுமே. மனைவி முன்பே போய்விட்டவர் இறந்தால் யார் வந்து சொல்வது? மகனுக்கு எங்கள் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். போன காலாண்டு எண்ணை எடுப்பேன், புதிதாகப் பதிந்தவர்களைக் கூட்டுவேன், அனுப்பிவிடுவேன். எண் குறைந்தால்தான் ஏன் என்று கேள்வி வரும். கூடினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒருமுறை உதவித்தொகை சரிபார்ப்புக்கு நேரில் போனபோது, என் பதிவேட்டில் உயிரோடு இருந்த ஒருவர் சுவரில் மாலை போட்ட படமாக இருந்தார். அதற்குப் பிறகுதான் கழிக்கக் கற்றுக்கொண்டேன்.

குடவாசலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி மஞ்சள் பையோடு வந்தார். விதவையாகப் பதிய வேண்டும் என்றார். இறந்துபோன வீட்டுக்காரர் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தவர். அந்தப் படைக்காரர்களை மற்ற ரெஜிமென்ட்காரர்கள் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘டிஸ்சார்ஜ் புக் இருக்காம்மா?’ என்று கேட்டேன். ‘77 புயல்ல கூரையே போச்சு தம்பி, காயிதம் எங்கேருந்து நிக்கும்? இது ஒண்ணுதான் மிச்சம்’ என்று பைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒரு பதக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். 1971 போருக்காகக் கொடுத்த சங்கிராம் பதக்கம். ரிப்பன் எல்லாம் இற்றுப் போயிருந்தது.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இந்த மாதிரிப் பதக்கத்தின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, விளிம்பைப் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்து மெல்லத் திருப்பினேன். பொடி எழுத்தில் படை எண், பதவி, பெயர் மூன்றும் இருந்தன. ஓர் இலக்கம் மட்டும் தேய்ந்து, 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம். இரண்டையும் எழுதிப் படையின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன். சில மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆள் அவர்கள் ஆவணத்தில் இருக்கிறார். பெயர் ஆங்கிலத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. ஆனால் அவர்கள் கணக்கில் அவர் பிரம்மச்சாரி. கல்யாணமான தகவலை ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் ஏற்றியிருக்க வேண்டும், அது ஏறவே இல்லை. காகிதத்தில் மனைவியாக இல்லாதவர் காகிதத்தில் விதவையாகவும் முடியாது.

வாக்குமூலம், கிராம நிர்வாக அலுவலர் சான்று, பெயர் ஒன்றே என்பதற்கு ஒரு சான்று என்று அலைந்து, கடைசியில் அவர் பெயர் ஏறியது. அந்தக் காலாண்டில் விதவையர் கட்டத்தில் ஒன்று கூடியது. மேலே அதைப் படித்தவர்கள், மாவட்டத்தில் ஒரு படைவீரர் இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் இறந்து 11 ஆண்டு ஆகியிருந்தது. காகிதம்தான் அன்றைக்கு வந்து சேர்ந்தது. எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் இது நடந்த தேதியா, எழுதிய தேதியா என்று நான் கேட்பது அன்றிலிருந்துதான்.

யாரை எண்ணுவது என்பதும் சின்ன விஷயமில்லை. முன்னாள் படைவீரர் என்பதற்கு அரசு விதியில் ஒரே பொருள் இருந்ததில்லை. எந்த ஆண்டில் வெளியே வந்தார் என்பதைப் பொறுத்து அது மாறும். எல்லைப் பாதுகாப்புப் படையிலோ மத்திய ரிசர்வ் போலீஸிலோ இருந்தவர் இதில் சேரமாட்டார். அவை உள்துறையின் கீழ் வருபவை. ‘நானும் பார்டர்லதான் சார் நின்னேன், குண்டு என்னை என்ன டிபார்ட்மென்ட்னு கேட்டுட்டா வருது?’ என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் இன்னொரு கணக்கு: 1972-இல் வந்த தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் அவர் விடுதலைப் போராட்ட வீரர். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிரிட்டிஷ் இந்தியப் படையில் கைதாகி, பிறகு நேதாஜி படையில் சேர்ந்தவரை எந்தக் கட்டத்தில் போடுவது?

இதைவிடப் பெரிய ஓட்டை, போர் என்ற சொல்லில் இருக்கிறது. நாங்கள் எண்ணியது படையில் இருந்தவர்களை. போரைப் பார்த்தவர்களை அல்ல. 15 வருஷம் ஸ்டோரில் சாமான் எண்ணியவரும், 1987-இலிருந்து 1990 வரை இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணத்தில் நின்றவரும் என் பதிவேட்டில் ஒரே ‘ஒன்று’தான். இலங்கையில் நடந்ததை அரசு போர் என்று அறிவிக்கவே இல்லை. கண்ணிவெடியில் காலை விட்டு வந்தவரிடம் அதைப் போய்ச் சொல்ல முடியுமா?

மாவட்ட எல்லை தனிக்கதை. குடவாசலில் ஒருவர் வீடு மாறாமல் உட்கார்ந்திருந்தாலே போதும்: 1991 வரை தஞ்சாவூர், அதன்பின் நாகப்பட்டினம், 1997 முதல் திருவாரூர். கோப்பு அவருக்குப் பின்னாலேயே பயணம் போனது. போன இடத்தில் அட்டை புதிதாகி, பழைய இடத்தில் நீக்காமல் விட்டால், ஓர் ஆள் இரண்டு மாவட்டத்தில் வாழ்வார். இதை வைத்து ஒரு மாவட்டத்தில் படைவீரர் குறைந்துவிட்டார்கள் என்று கட்டுரை எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் ஆவணக் காப்பகம் 1973-இல் தீப்பிடித்து, 1.6 கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் சாம்பலாயின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக, நீங்கள் படையில் இருந்தவரா என்று கேட்டார்கள், சுமார் 18.5 லட்சம் பேர் ஆம் என்றார்கள். நம் 2011 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி இல்லை. தமிழ்நாட்டில் சில ஊர்களில் முதல் உலகப் போர்க் கல்வெட்டு உண்டு: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று இரண்டு எண்கள். பெயர் கிடையாது. திரும்பி வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் கிடையாது.

எங்கள் ஊரின் பழைய போர்க்கைதி கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்காலிரும்பொறை அடைபட்டிருந்த குடவாயிற் கோட்டம் எங்கள் குடவாசல்தான் என்பார்கள். தாகத்துக்குக் கேட்ட தண்ணீர் தாமதமாக வந்ததால் குடிக்காமல் உயிர்விட்டான் என்பது புறநானூறு 74-ஆம் பாட்டின் குறிப்பு. புலவர் பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனைச் சிறைமீட்டார் என்பது இன்னொரு மரபு. இறந்தாரா, விடுதலையானாரா? என் பதிவேடாக இருந்தால், சான்று இணைக்கவும் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருப்பேன்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் நிதி வருகிறது, மருந்து வருகிறது. அடுத்த கணக்கெடுப்பிலாவது, இந்த வீட்டில் படையில் இருந்தவர் உண்டா என்று ஒரு கேள்வி சேர்த்தால் பாதிக் குழப்பம் தீரும். அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தால் இறக்குங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்திலோ பதக்க விளிம்பிலோ உள்ள படை எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் இறந்திருந்தால், மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுத் தேதியைச் சொல்லிவிடுங்கள். அங்கே அவர் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.