தந்தை பெயர்க் கட்டம்

தமிழகத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதுகிறோம். அதுவே நமக்கு முழுப் பெயர். கணினியோ பெயரை ஒரு கட்டத்திலும் தந்தை பெயரை மற்றொரு கட்டத்திலும் தனித்தனியே வைத்திருக்கிறது. பட்டியல் கேட்கும்போதுதான் இரண்டையும் ஒட்டித் தருகிறது.

அந்த ஒட்டுவேலையில் ஒரு சிறுமியின் பெயரே மறைந்துபோனதை எங்கள் அரக்கோணம் மதரஸாவில் கண்டேன். சேர்க்கையின்போது அவள் தாயார் தந்தை பெயர்க் கட்டத்தை நிரப்பவில்லை. காரணம் கேட்பது நம் வேலையன்று. தேர்வுப் பட்டியல் வந்தபோது அவளுடைய வரிசையில் மதிப்பெண்கள் இருந்தன, பெயர் இல்லை. அந்த அம்மையார் தாளை விரலால் தடவி இருமுறை தேடிவிட்டு, "ஹஜ்ரத், அத்தா பெயர் இல்லையென்றால் பிள்ளைக்கும் பெயர் இல்லையா?" என்று கேட்டார்.

பதிவேட்டை அமைத்துத் தந்தவர், நாள்தோறும் இரயிலில் சென்னை சென்று கணினிப் பணி புரியும் முன்னாள் மாணவர். அவர் விளக்கினார்: நிரப்பாத கட்டத்தைக் கணினி வெறுமை என்று கொள்வதில்லை, 'அறியப்படாதது' என்று கொள்கிறது. அதற்கு 'நல்' என்று பெயர். (தமிழில் நன்மை குறிக்கும் சொல்லுக்கு அங்கே இப்படியொரு பொருள்!) தெரிந்ததோடு தெரியாததை ஒட்டினால் கிடைப்பதும் தெரியாததே என்பது எஸ்.க்யூ.எல். எனும் வினவல் மொழியின் விதி. மை எஸ்.க்யூ.எல்.லின் 'கன்கேட்' கட்டளையும் அப்படியே செய்கிறது. ஆரக்கிளோ இருக்கும் பெயரைத் தந்துவிடும். 'கோஅலெஸ்' என்பதைச் சேர்த்தால் 'நல்' உள்ள இடத்தில் வெற்றிடத்தை வைத்து ஒட்டலாம். விதி தர்க்கத்துக்கு ஒத்ததே. ஆனால் அந்தத் தாயாரிடம் தர்க்கம் பேச எனக்கு மனம் வரவில்லை.

கட்டங்களின் அதிகாரம் ஊரோடு நிற்பதுமில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் சுற்றுலா விசாவில் வர இயலாது என அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது.

அரபு எழுத்துமுறையில் 'இப்னு' எனும் சொல், மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே வருகையில் தன் அலிஃபை இழந்துவிடும். இணைக்கும் சொல்தான் சுருங்குகிறது, பெயர்கள் குறைவதில்லை. தாய் பெயரோடு இணையும் 'ஈஸா இப்னு மர்யம்' என்பதிலோ அந்த அலிஃபும் விழாமல் நிற்கிறது.

நம் நாட்டுக் கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் 2016 டிசம்பரில் அறிவித்த விதிகளின்படி தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயரே போதும். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் இப்போது 'தாய் அல்லது தந்தை பெயர்' என்று அச்சிட்டிருக்கிறோம். வினவலையும் அந்த இளைஞர் திருத்திவிட்டார். அக்கட்டம் வெறுமையாய் இருந்தாலும் பிள்ளையின் பெயர் அச்சாகிறது.