நடைக்கு ஏற்ற பாட்டு

கோப்புகளின் முன் இருபது ஆண்டுகள் உட்கார்ந்தே உழைத்ததன் பலனாக, சென்ற ஆண்டு என் இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. நாள்தோறும் முக்கால் மணி நேரம் விரைந்து நடக்கவேண்டும் என்றார் மருத்துவர். தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பின் பூங்காவை நான்கு நாள் சுற்றினேன். ஐந்தாம் நாள் சலிப்பு வென்றது.

கைப்பேசியில் பாட்டுக் கேட்டபடி நடக்கச் சொன்னாள் மகள். விருப்பமான ஆலாபனையை வைத்தேன். தாளக்கட்டில்லா இசையில் மனம் பறந்தது, கால் நின்றது. திரைப்பாட்டிலோ இடையிசை வரும்போதெல்லாம் நடை குலைந்தது. கேட்க இனியதெல்லாம் நடக்க இனியதன்று எனத் தெளிந்தேன்.

அப்போதுதான் காவடிச்சிந்து நினைவுக்கு வந்தது. கழுகுமலை முருகன்மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் பாடியது அது. காவடி சுமப்போரின் வழிநடைக்கென்றே அமைந்த வடிவம். அதன் திசிர நடை காலைத் தானே எடுத்து வைக்கச் செய்கிறது.

என் தந்தையார் பங்குனி உத்திரத்திற்குக் கழுகுமலைக்கு வெறுங்காலோடு நடப்பார். வழியெல்லாம் சிந்து பாடுவார். முதுமையில் எங்களோடு தில்லிக்கு வந்தபின் நடையும் பாட்டும் ஒருசேர நின்றன. பின்னர் இதே சர்க்கரை நோய்தான் அவரைக் கொண்டுபோயிற்று.

ஆறு மாதமாகத் தவறாமல் நடக்கிறேன். மலைமந்திர் படிகளை இப்போது இடையில் நில்லாமல் ஏற முடிகிறது. சில நாள் மகளும் உடன் வருகிறாள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அவள், பாட்டனார் பாடிய மெட்டை முணுமுணுத்தவாறே எனக்கு முன்னே செல்கிறாள்.