நெடுந்தீவுக்கு ஒருநாள் பயணம்

"எனக்கென்ன சுற்றுலா பிள்ளை? ஊர் என்ன சொல்லும்?"

எங்கள் மாதர் குழுவில் நெடுந்தீவுக்குப் போவது பற்றிப் பேச்செடுத்தபோது முதலில் வந்த பதில் இதுதான். கணவனை இழந்த பெண் கோவிலுக்குப் போகலாம், வைத்தியசாலைக்குப் போகலாம், பிரதேச செயலகத்தில் நாள் முழுக்க வரிசையில் நிற்கலாம். ஊர் பார்க்கப் போனால் மட்டும் அயலவரின் வாய்கள் திறந்துவிடும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'சமூகக் கட்டுப்பாடு' என்று ஒரு பாடம் இருந்தது. அதைப் படலையடியில் வைத்து எனக்குப் புரியவைத்தவர்கள் இந்தப் பெண்கள்தான்.

வாரம் 100 ரூபாயாக எட்டு மாதங்கள் சேமித்தோம். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் 22 பேர் கிளிநொச்சியிலிருந்து விடியுமுன் புறப்பட்டோம். புட்டும் இடிசம்பலும் வாழையிலையில் பொதியாகக் கட்டி வந்தன. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று இருபுறமும் பரவைக்கடல் தெரிய, பஸ்ஸில் பாட்டும் சிரிப்பும்தான்.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் அந்தச் சிரிப்பு நின்றது. எங்களில் ஓர் அக்கா படகைக் கண்டதும் கட்டில் உட்கார்ந்துவிட்டார். 2009 இல் முள்ளிவாய்க்கால் கரையில் நின்றவர். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போனதில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

நான் வற்புறுத்தவில்லை. மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு அவருடன் நின்றுவிடுவதென்றே முடிவெடுத்தேன். அப்போது மருந்துப் பையும் மரக்கறிக் கூடையுமாகப் படகுக்கு வந்த நெடுந்தீவு ஆச்சி ஒருவர் எங்களைப் பார்த்தார். விசாரித்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, "வா மோனை, நானும் பயந்தனான்தான். எனக்குப் பக்கத்திலை இரு" என்றார். எனது பயிற்சிப் பட்டறைகளில் எவரும் சொல்லித்தராத முறை அது. அக்கா எழுந்தார். ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணத்தில் ஆச்சியின் கையை அவர் விடவேயில்லை.

யாழ்ப்பாணத் தீவுகளில் ஆக அப்பால் கடலில் கிடப்பது நெடுந்தீவு. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரால் இதை 'டெல்ஃப்ட்' என்றார்கள். நாங்கள் இறங்கிய மாவிலித்துறையில் குமுதினிப் படகில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 ஆம் திகதி, இங்கிருந்து குறிகாட்டுவானுக்குப் போன அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட 23 பேருக்குக் குறையாதோர் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

ஆச்சி தூபியைக் காட்டி, "என்ரை சின்னம்மாவும் அதிலை போனவ" என்றார். "அதுக்குப் பிறகு நான் ஏறமாட்டன் எண்டு இருந்தனான். கிளினிக்குக்குப் போகாமல் ஏலுமே? மாதத்துக்கு ஒருக்கா ஏறத்தான் வேணும்." அவ்வளவுதான் சொன்னார். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா தூபியடியில் கொஞ்ச நேரம் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு இரண்டு 'பட்டா' வாகனங்களில் தீவைச் சுற்றினோம். இங்கே முதலில் கண்ணில் படுவது வேலிகள்தான். எங்கள் ஊரில் கிடுகும் கதியாலும் தகரமும் இருக்கும் இடத்தில், இங்கே முருகைக்கல்லை ஒன்றின்மேலொன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சாந்தில்லை, சீமெந்தில்லை. சரிந்தால் அதே கல்லை எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டியதுதான். வருடத்துக்கு வருடம் கிடுகுக்குக் காசு தேடும் எங்கள் பெண்கள் இதை வெகுநேரம் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

கோட்டையும் முருகைக்கல்தான். போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பயன்படுத்தியது என்கிறார்கள். இரண்டு மாடிச் சுவர்கள் இடிந்து நிற்கின்றன. அருகே, துளை துளையாகப் புறாக்கூடு ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தில் தூது போகும் புறாக்களை இங்கே வளர்த்தார்களாம். 'வளரும் கல்' என்று ஒன்றையும் காட்டினார்கள். "ஆர் அளந்து பாத்தது?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெருக்கமரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஆபிரிக்காவுக்குரிய மரம். அராபிய வணிகர்கள் கொண்டுவந்ததாக நம்பப்படுகிறது. அடிமரம் யானையின் உடல்போலப் பருத்து, உள்ளே கோறையாக இருக்கிறது. குனிந்து நுழைந்தால் சிறிய அறைபோல. ஐந்தாறு பேர் உள்ளே போய் நின்றோம். வெளியே வெயில் எரிக்க, உள்ளே நல்ல குளிர்ச்சி. "பங்கருக்கை நிண்ட மாதிரி" என்றாள் ஒரு தங்கச்சி. ஒரு கணம் அமைதி. பிறகு யாரோ "இதிலை செல் விழாது, வடிவா நில்லடி" என்று சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வெளியே நின்ற சாரதிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தெற்குப் பக்கப் புல்வெளியில்தான் குதிரைகள். கட்டையான உருவம், மண்ணிறமும் கறுப்புமாகக் கூட்டமாய் நின்றன. ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் இங்கே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வம்சம் இது. எசமானர்கள் போய்விட்டார்கள், இவை தங்கிவிட்டன. 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கடுங்கோடையில் தண்ணீரின்றிக் குதிரைகள் சாவதுண்டு. மனிதருக்கும் இங்கே நன்னீர் என்பது பெரும்பாடு. சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளின் பெருமையை இங்குள்ள பெண்களிடம் கேட்கவேண்டும். குடத்துடன் நடந்த கால்களுக்குத்தான் அது தெரியும்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் மறக்கவேண்டாம். ஒதுங்குவதற்கு இடம் தேடி நாங்கள் பட்டபாடு பெரிது. கடைசியில் ஒரு வீட்டம்மா படலையைத் திறந்துவிட்டார், தேத்தண்ணியும் தந்தார். காசு கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் படகில் அக்கா என் கையைப் பிடிக்கவில்லை. காற்றுப்படும் ஓரத்தில் இருந்து, தண்ணீரையே பார்த்தபடி வந்தார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

குறிகாட்டுவானில் இறங்கி பஸ்ஸடியில் ஆட்களை எண்ணினேன். 21. மறுபடி எண்ணினேன், 21. நெஞ்சு திக்கென்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், துறையடியில் கருவாடு விற்கும் பெண்ணிடம் அக்கா விலை பேசிக்கொண்டு நிற்கிறார்.

"கொஞ்சம் பொறு பிள்ளை" என்றார் திரும்பிப் பாராமலே. "இவ குறைக்கிறா இல்லை."