இரண்டு கோடை கண்ட ஏசி

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் ஏசி பொருத்துபவரை அமர்த்துமுன் அவரது முந்தைய வேலையை விசாரிப்போர், சென்ற மாதம் பொருத்தியதை விட்டு, இரண்டு கோடையாவது ஓடிய ஏசி ஒன்றைக் காட்டச் சொல்வது நல்லது. இத்தொழிலின் பிழைகள் பொருத்திய அன்று பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. ஐடிஐ சான்றிதழையும், ரசீதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணையும் (தமிழ்நாட்டுப் பதிவு 33 எனத் தொடங்கும்) சரிபார்ப்பது சிறிது நேர வேலை. கைத்திறனை அவற்றில் காண இயலாது.

வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் செம்புக் குழாய்கள் வந்து சேரும் பித்தளை நட்டுகளில்தான் அதைக் காணலாம். குழாய் முனையைப் புனல் வடிவில் விரித்து நட்டால் இறுக்குவதை ஃப்ளேர் என்பர். விரித்த விளிம்பில் பிசிறோ கீறலோ இருந்தால் வாயு மெல்லக் கசியும், கூடவே கம்ப்ரசர் எண்ணெயும் துளித்துளியாக வெளிவரும், அந்தப் பிசுக்கில் கரிசல் புழுதி ஒட்டி நட்டைச் சுற்றிக் கருவளையமாகப் படியும். குளிரூட்டும் வாயு மூடிய குழாய்க்குள் ஆவியாகியும் திரவமாகியும் சுற்றிவருவதேயன்றிச் செலவாவதன்று. ஆகவே பழைய வாடிக்கையாளரிடம் கேட்கத்தக்க கேள்வி, ஆண்டுதோறும் கேஸ் ஏற்ற வேண்டியிருந்ததா என்பதே. ஆம் எனில், கசிவைத் தேடி அடைக்காமலே பணம் வாங்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றும் வேக்குவம் பம்ப். அதைக் கொண்டுவராமல், பெட்டியிலுள்ள வாயுவையே சற்றுத் திறந்துவிட்டுக் காற்றை ஊதித் தள்ளும் குறுக்குவழி இன்றும் உண்டு. அப்போது தங்கிவிடும் ஈரம் எண்ணெயில் அமிலத்தை உண்டாக்கிக் கம்ப்ரசரை அரிக்கிறது. மேலும், இப்போது வீட்டு ஏசிகளில் பரவலாகியுள்ள ஆர்-32, பழைய ஆர்-22 போலன்றித் தீப்பற்றும் இயல்புடையது. தீப்பெட்டித் தொழிலில் தலைமுறைகளாக உழைத்த ஊரில், பம்ப் இல்லாதவரைத் திருப்பியனுப்ப இக்காரணம் ஒன்றே போதும்.

எர்த் பற்றி அவர் தாமாகக் கேட்கிறாரா என்பதையும் கவனிக்க வேண்டும். மழையில் உப்பிக் கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் கரிசலில், எர்த் குழியின் ஈரம் வற்றி, குழாயைச் சுற்றிய மண் விலகி, மின்தடை கூடிவிடுகிறது. அதுவும் ஏசி இரவுபகலாக ஓடும் சித்திரை, வைகாசியில். உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு எர்த்தை அளந்து சரிசெய்த பிறகே பெட்டியை மாட்டுவேன் என்பவருக்குக் கூலி சற்றுக் கூடினாலும் கொடுக்கலாம்.